‘விடிந்துவிட்டது’ என்று சொல்ல ஒருவர்: விசேட தேவையுடைய மாணவர்க்கான உதவியைத் தீர்மானித்த வரலாறு

தரம் ஒன்றுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் காலத்தில் எங்கட பாடசாலை அலுவலகங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழும். காது மந்தமான ஒரு பிள்ளையோ, நடக்கச் சிரமப்படும் ஒரு பிள்ளையோ, பேச்சுப் பிந்திய ஒரு பிள்ளையோ உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், “இந்தப் புள்ளைய எங்க போடுற?” என்பார்கள். கேட்பவர் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பும், ஒரே ஓர் ஆசிரியையும், போதாத மேசைகளும் அவர் கண்முன் நிற்கின்றன. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்த்தால், அது இடத்தைப் பற்றிய கேள்வி என்பது விளங்கும். ‘இந்தப் பிள்ளைக்கு என்ன தேவை?’ என்று கேட்க வேண்டிய நேரத்தில் ‘இந்தப் பிள்ளையை வைக்க எங்கே இடமிருக்கிறது?’ என்று கேட்டுப் பழகிவிட்டோம்.

இந்தப் பழக்கத்துக்கு இந்நாட்டில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதற்கு மாறான இன்னொரு பழக்கம் நம் மரபிலேயே, அதைவிட மிகப் பழையதாக இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு மாணவருக்கு எந்த உதவி பொருத்தம் என்பதை இன்று எப்படித் தீர்மானிக்கலாம் என்பது ஓரளவு தெளிவாகும். நாலந்தாவிலிருந்து எழுதுவதால் இங்கிருந்து பார்த்தால் தெரிகின்றவற்றையே பெரிதும் சொல்கிறேன்.

விடியலை அறிவித்தவர்

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களின் பெயரைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவது ‘அபஸ’ அத்தியாயம். குறைஷித் தலைவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், கற்றுக்கொள்ள வேண்டும் என்று வந்த கண் தெரியாத மனிதர் அவர். அவர்பால் கவனம் திரும்பியிருக்க வேண்டும் என்று அந்த வசனங்கள் உணர்த்தின. இந்தச் செய்தியை ஜும்ஆ மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஆனால் அவரைப் பற்றிய இன்னொரு செய்தி அதிகம் பேசப்படுவதில்லை.

மதீனாவில் அவர் முஅத்தினாகவும் இருந்தார். ரமழானில் பிலால் (ரழி) அவர்கள் இரவிலேயே ஓர் அதான் சொல்வார்கள். உண்பதை நிறுத்த வேண்டிய பஜ்ருடைய அதானைச் சொல்வது இப்னு உம்மி மக்தூம் (ரழி). பஜ்ர் நேரத்தை அன்று கடிகாரம் பார்த்து அறிய முடியாது. கீழ்வானத்தைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். அந்த வேலையைக் கண் தெரியாத ஒருவர் எப்படிச் செய்தார்? விடிந்துவிட்டது என்று மக்கள் அவரிடம் சொல்வார்கள், அதன் பிறகே அவர் அதான் சொல்வார் என்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

ஓர் ஆசிரியரின் கண்ணோடு இதைப் பாருங்கள். ‘பாவம், அவருக்கு எதற்குச் சிரமம், கண் தெரிந்த ஒருவரைப் போடுவோம்’ என்று அந்தப் பொறுப்பை யாரும் அவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. ‘நீங்களே எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று கைவிடவும் இல்லை. அந்த வேலைக்கு வேண்டியவற்றில் குரல், நினைவு, நேரந்தவறாமை, பொறுப்புணர்ச்சி எல்லாம் அவரிடம் இருந்தன. இல்லாதது ஒன்றுதான், கீழ்வானத்து வெளிச்சத்தைக் காணும் பார்வை. அந்த ஒன்றை மட்டும் சமூகம் கொடுத்தது. மீதி முழுவதும் அவருடையதாகவே இருந்தது. பொருத்தமான உதவி என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம். இல்லாததைக் கொடுக்க வேண்டும், இருப்பதைப் பறிக்கக் கூடாது.

நோயாளியின் தொழுகை பற்றிய சட்டத்திலும் இதே ஒழுங்கு உண்டு. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) தம் நோயைக் குறித்துக் கேட்டபோது, நின்று தொழவும், முடியாவிட்டால் உட்கார்ந்து தொழவும், அதுவும் முடியாவிட்டால் படுத்த நிலையில் தொழவும் வழி காட்டப்பட்டது. தொழுகை அவரிடமிருந்து நீக்கப்படவில்லை, தொழும் முறை அவருடைய உடலுக்கு ஏற்றவாறு மாறியது. மத்ரஸாவில் சின்ன வயதில் ஓதிக்கொண்ட இந்தப் பாடத்தைப் பாடசாலை வகுப்பறைக்குள் கொண்டுவர ஏனோ மறந்துவிட்டோம்.

பின்னாளில் அரசாங்கமும் இதைச் செய்திருக்கிறது. உமையா கலீபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி 705-715) தொழுநோயாளிகளுக்கு உதவித்தொகை கொடுத்து, அவர்கள் யாசிப்பதைத் தடுத்தார். நடக்க முடியாதவருக்கு ஒரு பணியாள், பார்வையற்றவருக்கு ஒரு வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தார் என வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். எல்லோருக்கும் ஒரே பொதியைக் கட்டிக் கொடுக்காமல் ஆளுக்கு ஆள் தேவை வேறு என்று பார்த்த ஏற்பாடு இது.

இன்னும் ஒருவர், பக்தாதைச் சேர்ந்த ஸைனுத்தீன் அல்-ஆமிதீ. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த ஹன்பலி அறிஞர், பார்வை இல்லாதவர். புத்தக வியாபாரம் செய்தார். ஒவ்வொரு புத்தகத்தின் விலையையும் நினைவில் வைத்துக்கொள்ள, மெல்லிய காகிதத்தை முறுக்கி எழுத்து வடிவமாக வளைத்து, அட்டையின் உட்புறத்தில் ஒட்டி, அதன்மேல் இன்னொரு காகிதத்தை ஒட்டிவிடுவார். பிறகு விரலால் தடவி விலையைப் படிப்பார். பார்வையற்ற அறிஞர்களின் வாழ்க்கைகளைத் தனி நூலாகவே தொகுத்த ஸபதீ (1296-1363) இதை எழுதி வைத்திருக்கிறார். பிரான்சில் லூயி பிரெயில் தம் புள்ளி எழுத்தை 1829இல் நூலாக வெளியிடுவதற்கு ஏறத்தாழ 500 வருடங்களுக்கு முந்திய செய்தி இது. இதில் நமக்கு வேண்டிய பாடம் பெருமை பேசுவதற்கானது அல்ல. அந்த வழியைக் கண்டுபிடித்தவர் அவரே என்பதுதான் பாடம். தனக்கு எது உதவும் என்பதை அறிந்தவர்களில் முதலாமவர் அந்த ஆள்தான். பிள்ளையாக இருந்தாலும் அப்படித்தான்.

பாளையங்கோட்டையும் இரத்மலானையும்

தமிழ் பேசும் நாட்டில் விழிப்புலன், செவிப்புலன் இழந்த பிள்ளைகளுக்கான முறையான பாடசாலைகளை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கிறிஸ்தவ மிஷன் பெண்கள் தொடங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கம் பாளையங்கோட்டை இதற்குப் பேர்போன ஊர். பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாத பிள்ளைகளுக்காக ஃபுளோரன்ஸ் சுவேன்சன் அம்மையாரும் அங்கே தொடங்கிய பாடசாலைகள் இன்றும் நடக்கின்றன. இலங்கையில் 1912இல் மேரி சப்மன் என்ற மிஷன் பெண்மணி தொடங்கியதே இரத்மலானைச் செவிப்புலனற்றோர் விழிப்புலனற்றோர் பாடசாலை. அவர் பிறகு பர்மாவுக்குப் போய், ரங்கூனிலும் 1920இல் அப்படி ஒன்றைத் தொடங்கினார்.

இவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. வீட்டு மூலையில் இருந்த பிள்ளைக்கு எழுத்தும் கைத்தொழிலும் கிடைத்தன. ஆனால் அந்தக் காலத்து ஏற்பாடு ‘இடம்’ என்ற எண்ணத்தின்மேல் கட்டப்பட்டது. நாட்டின் எந்த மூலையில் பிறந்தாலும் பிள்ளை அந்த விடுதிக்குப் போக வேண்டும். கண் பிரச்சினையா, காது பிரச்சினையா என்பதே தீர்மானம். அதற்கு மேல் பிள்ளையின் மொழி, மார்க்கம், வீடு எல்லாம் இரண்டாம் பட்சம். மலைநாட்டு முஸ்லிம் வீடொன்று தன் பிள்ளையை, அதிலும் பெண் பிள்ளையை, கொழும்பையும் தாண்டியுள்ள ஒரு மிஷன் விடுதிக்கு அனுப்ப எவ்வளவு தயங்கியிருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம். சுகமான பிள்ளைகளையே மிஷன் பாடசாலைக்கு அனுப்பத் தயங்கிய சமூகம் நம்முடையது. அந்தத் தயக்கத்தை உடைக்க அறிஞர் சித்திலெப்பை (1838-1898) கண்டியிலிருந்து பாடுபட்ட வரலாறு வாசகர்கள் அறிந்ததே. அவர் சுகமான பிள்ளைகளுக்குத் திறந்த கதவு, விசேட தேவையுடைய பிள்ளைக்குத் திறக்க இன்னும் நெடுங்காலம் எடுத்தது.

அக்காலத்தில் உலகம் முழுவதும் ஒரு தீர்மானம் செவிப்புலனற்ற பிள்ளைகளின் தலையில் இறங்கியிருந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, சைகை மொழியை விட்டு வாய்ப்பேச்சு வழியில் மட்டுமே அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்று முடிவெடுத்தது. கூடியவர்களில் காது கேளாதவர் கிட்டத்தட்ட யாருமில்லை. அந்த முடிவால் பல நாடுகளில் பல தலைமுறைப் பிள்ளைகளின் கைகள் வகுப்பறையில் கட்டப்பட்டன. 2010இல் கனடாவின் வன்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசையின் கூட்டம் அந்த முடிவைத் தள்ளி, அதனால் விளைந்த தீங்குக்கு வருத்தம் தெரிவித்தது. இடையில் போனது 130 வருடங்கள். உதவியைப் பெறுபவரைக் கேட்காமல் உதவியைத் தீர்மானித்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஒரே வீதி, இரண்டு முனைகள்

1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டத்தில் பார்வையற்ற, செவிப்புலனற்ற பிள்ளைகளின் கல்விக்கும் இடம் வைக்கப்பட்டது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிக் கல்வியும் வலுப்பெற்றது. தமிழ் மொழிமூலப் பிள்ளைகளுக்காக 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நவீல்ட் பாடசாலை தொடங்கியது. தமிழில் படிக்க வேண்டிய செவிப்புலனற்ற, விழிப்புலனற்ற பிள்ளைக்கு அது ஒரு பெரிய விடிவு.

ஆனால் எந்தப் பிள்ளைக்கு? நாலந்தாவை இலங்கையின் நடுப்புள்ளி என்று சொல்லும் வழக்கம் உண்டு. கண்டியிலிருந்து மாத்தளை, பலாபத்வல வழியாக வந்து, நாலந்தாவைக் கடந்து, நாவுல, தம்புள்ளை என்று போகும் ஏ-9 வீதி கடைசியில் கைதடியையும் தொட்டுக்கொண்டுதான் யாழ்ப்பாணத்துக்குள் நுழைகிறது. எங்கட வாசலால் போகும் வீதியே அந்தப் பாடசாலைக்கும் போகிறது. ஆனால் தூரம் 250 கிலோமீற்றருக்கு மேல். போர்க் காலத்தில் அந்த வீதி வருடக்கணக்காக மூடப்பட்டுக் கிடந்தது. 2002இன் போர்நிறுத்தத்தோடு திறந்து, 2006 ஓகஸ்டில் மறுபடி மூடப்பட்டு, போர் முடிந்த பிறகே நிலையாகத் திறந்தது. அந்தக் காலத்தில் மாத்தளை மாவட்டத்தில் தமிழ் பேசும் வீட்டில் காது கேளாமல் பிறந்த ஒரு பிள்ளைக்கு, தமிழ் மொழிமூல விசேட பாடசாலை வரைபடத்தில் மட்டுமே இருந்தது.

மறுபக்கம், நாட்டில் உள்ள விசேட பாடசாலைகளில் பெரும்பாலானவை சிங்கள மொழிமூலமானவை. அங்கே போன தமிழ் வீட்டுப் பிள்ளை எழுதவும் உதட்டசைவை வாசிக்கவும் சிங்களத்தில் பழகும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் உம்மாவின் உதடு தமிழில் அசையும். பிள்ளைக்குப் படிப்புக் கிடைத்தது, ஆனால் வீட்டோடு பேச மொழி இல்லாமல் போனது. சிங்களம் படிப்பதில் தவறேதும் இல்லை. நாலந்தாவில் வாழும் எவருக்கும் இரண்டு மொழியும் வேண்டும். ஆனால் காது கேட்கும் பிள்ளை இரண்டாவது மொழியாகச் சிங்களத்தைப் பெறுகிறது. காது கேளாத பிள்ளையோ முதலாவதைக் கொடுத்துவிட்டு அதைப் பெற வேண்டியிருந்தது. ‘எங்கே இடமிருக்கிறது?’ என்ற கேள்வியின் விலை இதுதான்.

நாலந்தா கெடிகேயைப் பார்க்க வருபவர்கள் இன்று நீர்த்தேக்கக் கரையில் நிற்கும் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். அது ஆதியில் நின்ற இடம் வேறு. போவத்தென்ன நீர்த்தேக்கம் அந்த நிலத்தை மூழ்கடிக்கும் என்றபோது, 1980களில் அந்தப் பழைய கோயிலைக் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் மறுபடி பொருத்தினார்கள். ஒவ்வொரு கல்லும் எங்கே பொருந்தும் என்று பார்க்கும் பொறுமை இந்நாட்டுக்கு உண்டு. அந்தப் பொறுமையைப் பிள்ளைகளிடமும் எதிர்பார்க்கலாம்தானே.

வகுப்புக்குள் வந்த ‘அலகு’

1960களின் இறுதியில் கல்வி அமைச்சு, விசேட தேவையுடைய பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிலேயே சேர்த்துப் படிப்பிக்கும் ஒருங்கிணைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் பார்வையற்ற பிள்ளைகள், பிறகு மற்றவர்கள். காலப்போக்கில் பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் வந்தன. பிள்ளை இனி வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் படிக்கலாம் என்பது பெரிய முன்னேற்றம்.

ஆனாலும் ‘இடம்’ என்ற பழைய எண்ணம் புதிய கட்டடத்துக்குள்ளும் குடிவந்தது. காது மந்தமான பிள்ளை, மெதுவாகப் படிக்கும் பிள்ளை, ஓட்டிசம் உள்ள பிள்ளை, குறும்பு மட்டுமே செய்யும் பிள்ளை எல்லோரும் ஒரே அறையில். “அலகுக்குப் போட்டாச்சு” என்பதோடு தீர்மானம் முடிந்துவிடும். அந்த அறைக்குள் என்ன நடக்க வேண்டும், எந்தப் பாடத்துக்குப் பிள்ளை பொது வகுப்புக்கு வர வேண்டும், எப்போது முழுமையாகத் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பல இடங்களில் அலகு ஆசிரியையின் தனிப்பட்ட நல்லெண்ணத்தில் தங்கியிருந்தது. அந்த ஆசிரியைகளில் பலர் செய்த சேவைக்கு அல்லாஹ்தான் கூலி கொடுக்க வேண்டும். ஆனால் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கும் உரிமை, அவருக்கு இடமாற்றம் வந்ததும் போய்விடும்.

இதே காலத்தில் வெளியுலகில் கேள்வியே மாறத் தொடங்கியது. 1975இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், விசேட தேவையுடைய ஒவ்வொரு மாணவருக்கும் தனியாள் கல்வித் திட்டம் ஒன்றை எழுத்தில் வைக்கச் சொன்னது. அதை எழுதும் மேசையில் பெற்றோரும் அமர வேண்டும் என்றது. இங்கிலாந்தில் 1978இல் வெளிவந்த வார்னொக் அறிக்கை, பிள்ளைகளைக் குறையின் பெயரால் வகை பிரிப்பதை விட்டு, கல்வித் தேவையைப் பார்க்கச் சொன்னது. 1994இல் ஸ்பெயினின் சலமன்காவில் 92 அரசாங்கங்களின் பிரதிநிதிகள் கூடி, சாதாரண பாடசாலையே எல்லாப் பிள்ளைக்குமான பாடசாலை என்ற கொள்கையை அறிவித்தார்கள். பிள்ளை பாடசாலைக்குப் பொருந்துகிறதா என்று பார்த்த காலம் போய், பாடசாலை பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று கேட்கும் காலம் வந்தது.

இலங்கைச் சட்டமும் பின்தொடர்ந்தது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டம், வலுவிழப்பைக் காரணமாகக் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 1997இல் பிரசுரமான கட்டாயக் கல்வி ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பாடசாலைக்கு வருவதைக் கட்டாயமாக்கின. 2016இல் அந்த வயது 16 ஆனது. 2003இல் தேசிய வலுவிழப்புக் கொள்கை, 2006இல் பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள், 2016இல் ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றல் என்று வரிசையாக வந்தன. 2012 குடித்தொகைக் கணக்கெடுப்பு, 5 வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 சதவீதத்தினருக்கு, அதாவது சுமார் 16 இலட்சம் பேருக்கு, ஏதோ ஒரு வகை வலுவிழப்பு உண்டென்று காட்டியது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்ற தீர்மானத்தை மட்டும் சட்டத்தால் செய்ய முடியாது. அதைப் பாடசாலை மேசையில் இருந்துதான் செய்ய வேண்டும்.

மேசையில் என்ன பேச வேண்டும்

முதல் வேலை, குறையின் பெயரைவிட அதன் அளவையும் விளைவையும் தெரிந்துகொள்வது. ‘கண் தெரியாது’ என்று கொண்டுவரப்படும் பிள்ளைகள் பலருக்குக் கொஞ்சம் பார்வை இருக்கும். அவர்களுக்குப் பிரெயிலைவிடப் பெரிய எழுத்தும், கறுப்பு மையும், வெளிச்சம் கண்ணில் படாத இருக்கையும் போதலாம். ‘காது கேட்காது’ என்ற பிள்ளைக்கு எந்தக் காது, எவ்வளவு என்று பார்த்து, நன்றாகக் கேட்கும் காது ஆசிரியரின் பக்கம் இருக்குமாறு முன்வரிசையில் இருத்த வேண்டும். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்ததும் எல்லாம் முடிந்துவிடாது. பிள்ளை வளர வளர காதுக்குள் பொருத்தும் அச்சை மாற்ற வேண்டும், மின்கலம் தீர்ந்தால் மாற்ற வேண்டும். தட்டியால் பிரித்த மண்டபத்தில் பக்கத்து வகுப்பின் இரைச்சலையும் அந்தக் கருவி சேர்த்தே பெருப்பித்துக் கொடுக்கும்.

தமிழ் படிப்பிக்கிறவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் ஒரே நாளில் நான்கு எழுத்து முறைகளைச் சந்திக்கிறார்கள். காலையில் தமிழ், சிங்களம், ஆங்கிலம். பின்னேரம் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக அரபு. தமிழிலோ ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கும், அதன் ஒலி பின்னால் வரும். ‘கொ’ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கும். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பம் வேறு. தரம் மூன்றில் ஒரு பிள்ளை எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதினால், அது சுமையின் குழப்பமா, வாசிப்பு இடர்ப்பாடா என்று பிரித்தறிய வேண்டும். வாயால் கேட்டால் சரியாகச் சொல்கிறதா? குர்ஆனை ஓதுவதிலும் அதே தடுமாற்றம் உண்டா? உஸ்தாதையும் கேளுங்கள். பள்ளிக்கூட ஆசிரியையும் மத்ரஸா உஸ்தாதும் ஒரே பிள்ளையைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவது அரிது. வாயால் நன்றாகப் பதில் சொல்லும் பிள்ளைக்கு அலகு தேவையில்லை. எழுத்தைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் கூடுதல் அரைமணி நேரமும், வாய்மொழிக் கணிப்பீடும் போதும்.

இரண்டாவது, மேசையில் யார் இருக்க வேண்டும் என்பது. வகுப்பாசிரியர், அதிபர், அலகு ஆசிரியர் இருந்தால் அவர், உம்மா வாப்பா, கடைசியாகப் பிள்ளை. நாலந்தா போன்ற இடங்களில் நாவுல வலயக் கல்வி அலுவலகத்தின் விசேட கல்விக்குப் பொறுப்பானவரை அழைக்கலாம். பிள்ளை பிறந்ததிலிருந்து வளர்ச்சியைக் குறித்த பதிவேடு வீட்டில் இருக்கும், அதைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். குடும்ப நல உத்தியோகத்தரும் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருபவர்களும் எழுதிவைத்தவை எங்கள் கோப்பில் சேர வேண்டும். நமக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது, வைத்தியரின் கடிதத்தை வாங்கிப் பூட்டி வைப்பது. “வெளிய தெரிஞ்சா நாளைக்குக் கலியாணப் பேச்சு வராது” என்று பெண் பிள்ளையின் உம்மா மறைப்பார். அந்தப் பயத்தைத் திட்டிப் பயனில்லை. தகவல் ஆசிரியரைத் தாண்டிப் போகாது என்ற நம்பிக்கையைப் பாடசாலை முதலில் சம்பாதிக்க வேண்டும்.

மூன்றாவது, எழுதி வைப்பது. இந்தத் தவணையில் இந்தப் பிள்ளைக்கு இன்ன உதவி, செய்பவர் இன்னார், மறுபடி பார்ப்பது இன்ன மாதம் என்று ஒரு பக்கம் போதும். பரீட்சைத் திணைக்களம் பொதுப் பரீட்சைகளில் கூடுதல் நேரம், எழுத்துதவியாளர், பிரெயில் வினாத்தாள் போன்ற சலுகைகளைக் கொடுக்கிறது. ஆனால் அதற்கு முன்கூட்டியே ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். தரம் நான்கிலிருந்து எழுதப்பட்ட பக்கங்கள் இருந்தால் சாதாரண தரப் பரீட்சை வரும்போது ஓடித்திரிய வேண்டியதில்லை.

நான்காவது, உதவி கூடிவிடாமல் பார்த்துக்கொள்வது. ‘பாவம்’ என்று சொல்லி வீட்டுப்பாடத்தை மன்னிப்பது, பக்கத்துப் பிள்ளை எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பது, ஒன்றும் தெரியாமலேயே வகுப்பேற்றி விடுவது எல்லாம் உதவி போலத் தோன்றும். இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களுக்கு விடிந்துவிட்டதென்று சொன்னார்கள், அவருக்குப் பதிலாக அதான் சொல்லவில்லை. இந்த எல்லையைத் தாண்டினால் இரக்கமே அநியாயமாகிவிடும்.

ஜமாஅத்தின் பங்கு

ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1945இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்கியபோது, வறுமை ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தக் கூடாது என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. படிப்பைத் தடுப்பது எதுவோ, அதைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் உதவி வைப்பது என்பதே அதன் வழி. அதே வழியைக் கொஞ்சம் நீட்டினால் விசேட தேவையுடைய பிள்ளையும் அதற்குள் வந்துவிடுகிறது. ஸகாத் பங்கீட்டில் இக்குடும்பங்களுக்கு நாம் பெரும்பாலும் ரமழானில் ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிடுகிறோம். அவர்களுக்கு வேண்டியது மாதாமாதம் தேவைப்படும் மின்கலமாகவோ, மாத்தளை அல்லது கண்டி வைத்தியசாலைக்குப் போய்வரும் பஸ் செலவாகவோ, பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் உம்மாவின் ஒரு நாள் கூலியாகவோ இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

பார்வையற்ற பிள்ளையை ஹிப்ழுக்கு விடுவது நம் ஊர்களின் பழைய வழக்கம். அது நல்ல வழி. எகிப்தின் தாஹா ஹுஸைனும் (1889-1973) கிராமத்துக் குத்தாபில் குர்ஆனை மனனமிட்டே தொடங்கினார். பாடங்களுக்குக் கைபிடித்துக் கூட்டிப் போக ஒருவரும், பின்னர் வாசித்துச் சொல்ல ஒருவரும் கிடைத்தபடியால் அல்அஸ்ஹரையும் பாரிஸையும் கடந்து, 1950இல் தம் நாட்டின் கல்வி அமைச்சரானார். கல்வி காற்றையும் தண்ணீரையும் போன்றது என்ற அவருடைய கருத்து அரபுலகில் இன்றும் சொல்லப்படுகிறது. ஹிப்ழு ஒரு பிள்ளையின் விருப்பமாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். வேறு கதவே இல்லை என்பதற்காக அதில் விடப்பட்டால், அதுவும் ‘எங்க போடுற’ என்ற கேள்விக்கான இன்னொரு பதில்தான்.

கடைசியாக ஒன்று. தமிழ் மொழிமூலத்தில் விசேட கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் மத்திய மலைநாட்டில் போதுமான அளவு இல்லை. சைகை மொழியும் தமிழும் ஒன்றாகத் தெரிந்தவர்கள் இன்னும் அரிது. அந்தக் குறை இருக்கும்வரை, பாடசாலை மேசையில் எவ்வளவு நல்ல தீர்மானம் எடுத்தாலும் அது தாளிலேயே நிற்கும். தேசிய கல்வி நிறுவகத்திலும் திறந்த பல்கலைக்கழகத்திலும் இத்துறைக்கான கற்கைகள் உள்ளன. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைகள் எங்கட ஊர்களில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவரை, இரண்டு மூன்று ஜமாஅத்துகள் சேர்ந்து செலவேற்று இந்தப் படிப்புக்கு அனுப்பினால், ஐந்தாறு வருடங்களில் நாலந்தாப் பக்கத்துப் பிள்ளைக்குத் தமிழில் ‘விடிந்துவிட்டது’ என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பார். கைதடிக்கும் இரத்மலானைக்கும் போக வேண்டிய தேவை அதற்குப் பிறகும் சில பிள்ளைகளுக்கு இருக்கும். அப்போது அது அந்தப் பிள்ளைக்கு ஏற்றது என்று தெரிந்து எடுத்த தீர்மானமாக இருக்கும்.